ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்துதல்: கணினியின் பின்னணிச் சேவைகள் பற்றி ஒரு பாடம்



இந்தப் பாடத்தை ஒரு மணிக்கூட்டிலிருந்து தொடங்குகிறேன்.

2006 ஏப்ரல் 15ஆம் திகதி இலங்கையின் நேரம் அரைமணி பின்னே தள்ளப்பட்டது. நள்ளிரவு கழிந்து 12.30 ஆனபோது மணிக்கூட்டை மறுபடி 12.00 ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது அறிவித்தல். உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். உங்கள் உம்மாவிடமோ வாப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள், "பழைய நேரம், புதிய நேரம்" என்று சொல்வார்கள். அதற்கு 10 ஆண்டுகளுக்கு முன், 1996இல், நாட்டில் மின்சாரத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்துவதற்காக மே 25ஆம் திகதி நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரைமணியைக் குறைத்தார்கள். மீதி அரைமணி 2006 வரை அப்படியே கிடந்தது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அதனால் ஒரே நாட்டில் இரண்டு நேரம் இருந்தது.

அப்போது நாங்கள் புத்தளத்தில் இருந்தோம். அன்று காலை வாப்பா கூடத்து மணிக்கூட்டின் முள்ளைத் திருப்பினார். சுவரில் தொங்கிய தொழுகை நேர அட்டவணையில் பேனையால் ஒவ்வொரு எண்ணையும் வெட்டிப் பக்கத்தில் புது எண்ணை எழுதினார். பன்னிரண்டே முக்கால் அளவில் இருந்த ளுஹர் பன்னிரண்டேகால் அளவுக்கு வந்தது. சூரியன் எப்போதும் போலத்தான் நடந்தது; மாறியது நாங்கள் அதற்கு இட்ட எண் மட்டுந்தான். ஆனால் உள்ளறையில் இருந்த அலாரம் மணிக்கூட்டை எல்லோரும் மறந்துவிட்டோம். அது தன் பழைய கணக்கிலேயே ஓடியது. அடுத்த நாள் ராத்தா அரைமணி முந்தியே எழுந்து, தேநீரும் வைத்துவிட்டு, "ஏன் இன்னும் விடியவில்லை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அலாரம் மணிக்கூட்டில் பழுது எதுவும் இல்லை. உத்தரவு மாறிய செய்தி அதற்குப் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான். கணினித் துறையில் சேவையகங்களைப் பராமரிக்கும் ஒருவர் நாள்தோறும் சந்திக்கும் பிரச்சினையும் இதுவே. உத்தரவு ஓரிடத்தில் மாறுகிறது. வேலை செய்துகொண்டிருக்கும் நிரல் பழைய உத்தரவின்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு எப்படிச் சொல்வது? வேலையை நிறுத்திவிட்டுச் சொல்வதா, நிறுத்தாமலே சொல்வதா?

பின்னணிச் சேவை என்றால் என்ன?

நாம் கணினியில் திறக்கும் நிரல்கள் நம் கண்முன் இருப்பவை. கட்டுரை தட்டும் நிரலைத் திறக்கிறோம், வேலை முடிந்ததும் மூடுகிறோம். ஆனால் கணினி தொடங்கிய கணத்திலிருந்து, திரையில் முகம் காட்டாமல், யாரும் அழைக்கும் வரை காத்திருந்து வேலை செய்யும் நிரல்களும் உண்டு. இணையப் பக்கத்தை அனுப்புவது ஒன்று. தூரத்திலிருந்து நிர்வாகி உள்ளே வர வழிவிடுவது இன்னொன்று. குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்வது வேறொன்று. இவற்றைத்தான் பின்னணிச் சேவைகள் என்கிறோம்.

யுனிக்ஸ், லினக்ஸ் பணிசெயல் முறைமைகளில் இவற்றுக்கு 'டீமன்' என்று பெயர். பெயரைக் கேட்டுப் பேய், ஜின் என்று பயப்பட வேண்டாம். 1963ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 'புரொஜெக்ட் மாக்' என்ற திட்டத்தில் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது. பௌதிகவியலில் மக்ஸ்வெல் என்ற அறிஞர் ஒரு சிந்தனைச் சோதனை சொன்னார். ஒரு பெட்டிக்குள் சிறு கதவருகே நின்று, விரைவான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் ஓயாமல் பிரித்துவிடும் ஒரு கற்பனைக் காவலாளி அதில் வருகிறான். 'மக்ஸ்வெலின் டீமன்' என்று பௌதிகவியல் படிக்கும் மாணவிகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பின்னால் நின்று சலிக்காமல் வேலை செய்பவன் என்ற பொருளில் அந்தப் பெயரைக் கணினிக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்றும் பல சேவைகளின் பெயர் 'டி' என்ற எழுத்தில் முடிவது இதனால்தான்.

உத்தரவு இருக்கும் இரண்டு இடங்கள்

ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அமைவுக்கோப்பு உண்டு. எந்த வாசலில் காத்திருக்க வேண்டும், எத்தனை பேரை ஒரே நேரத்தில் ஏற்க வேண்டும், எவ்வளவு பெரிய கோப்பை அனுமதிக்கலாம் என்ற விதிகள் அதில் சாதாரண எழுத்தில் இருக்கும். சேவை தொடங்கும்போது இந்தக் கோப்பை ஒருமுறை வாசித்து, விதிகளைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பிறகு பெரும்பாலான சேவைகள் கோப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆக, உத்தரவு இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று வட்டில் உள்ள கோப்பு, மற்றது நினைவகத்தில் உள்ள பிரதி. கோப்பை நீங்கள் திருத்திச் சேமித்தாலும் நினைவகப் பிரதி மாறாது. குறிகாட்டுவான் இறங்குதுறையில் புதிய நேர அட்டவணையை ஒட்டிவிட்டால் மட்டும் கடலில் நிற்கும் படகோட்டிக்குத் தெரிந்துவிடுமா? யாராவது சொல்ல வேண்டும், அல்லது அவர் கரைக்கு வந்து வாசிக்க வேண்டும்.

நேரமாற்றத்தையே கணினியின் பக்கத்திலிருந்து பாருங்கள். லினக்ஸ் கணினி உள்ளே எண்ணுவது இலங்கை நேரத்தை அல்ல. 1970 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து கடந்த விநாடிகளை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையுடன் எத்தனை மணி கூட்டினால் கொழும்பு நேரம் கிடைக்கும் என்பதை நேரவலயக் கோப்பு சொல்கிறது. 1996, 2006 மாற்றங்கள் எல்லாம் இன்றும் அந்தக் கோப்பில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் நீண்ட நேரம் ஓடும் பல நிரல்கள் அந்தக் கோப்பைத் தொடக்கத்தில் ஒருமுறைதான் வாசிக்கும். நேரவலயத்தை மாற்றிய பிறகும் அவை எங்கள் உள்ளறை மணிக்கூட்டைப் போலப் பழைய கணக்கிலேயே போகலாம். குறித்த நேரத்தில் வேலைகளை நடத்தும் 'கிரான்' என்ற சேவை இதற்கு நல்ல உதாரணம். தன் வேலைப் பட்டியல் மாறியிருக்கிறதா என்பதை அது ஒவ்வொரு நிமிடமும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் நேரவலயத்தை மாற்றினால் அதை மீளத்தொடக்கிவிடுவதுதான் நிர்வாகிகளின் பழக்கம். ஒரே சேவை ஒரு மாற்றத்தைத் தானே கவனிக்கிறது, இன்னொரு மாற்றத்தைக் கவனிக்காமல் விடுகிறது. எந்தச் சேவை எதைக் கவனிக்கும் என்று அறிந்துவைப்பதே பாதி வேலை.

முதல் வழி: மீளத்தொடக்கம்

சேவையை நிறுத்தி, மறுபடி தொடக்குவது எளிய வழி. தொடங்கும்போது கோப்பைப் புதிதாக வாசிக்கும் என்பதால் புதிய விதி நிச்சயம் நடைமுறைக்கு வரும்.

நிறுத்துவதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது. முதலில் 15ஆம் எண் சமிக்ஞை போகும். "வேலையை முடித்துக்கொண்டு புறப்படு" என்பது அதன் பொருள். நல்ல சேவை அதைக் கேட்டதும் கையில் உள்ளதை எழுதி வைத்து, கோப்புகளை மூடி, வெளியேறும். கேட்காமல் இருந்தால் 9ஆம் எண் சமிக்ஞை வரும். அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ எந்த நிரலாலும் முடியாது, உடனே முடிவு. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் சேவைகளை மேற்பார்வை செய்வது 2010இல் அறிமுகமான 'சிஸ்டம்டி'. வேறு கட்டளை இல்லாவிட்டால் அது முதல் சமிக்ஞைக்கும் கடைசிச் சமிக்ஞைக்கும் நடுவே 90 விநாடி பொறுத்திருக்கும்.

மீளத்தொடக்கத்தில் மூன்று நட்டங்கள் உண்டு. அந்த நேரத்தில் சேவையுடன் பேசிக்கொண்டிருந்தவர்களின் தொடர்பு அறுந்துபோகலாம். நினைவகத்தில் மட்டும் இருந்த விடயங்கள் அழிந்துபோகும். மூன்றாவதுதான் ஆபத்தானது. புதிய கோப்பில் பிழை இருந்தால் பழைய சேவை நின்றிருக்கும், புதிய சேவை தொடங்கியிருக்காது. இரண்டுக்கும் நடுவே வெறுமை.

அந்த வெறுமையை நான் கண்டிருக்கிறேன். படித்து முடித்துச் சேர்ந்த முதல் வேலையில், ஒரு பயிற்சிநெறிக்கு விண்ணப்பங்களை ஏற்கும் சேவையகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. விண்ணப்ப முடிவு நாள். சான்றிதழ்ப் படங்கள் பெரிதாக இருப்பதால் ஏறவில்லை என்று சிலர் முறையிட்டார்கள். அளவு வரம்பைக் கூட்ட ஒரே ஒரு வரியைத்தான் திருத்தினேன். வரியின் முடிவில் இட வேண்டிய அரைப்புள்ளியை இடவில்லை. சோதிக்காமல் மீளத்தொடக்கினேன். பழையது நின்றது, புதியது எழவில்லை. பதற்றத்தில் பிழை எங்கே என்று தேடித் திருத்தப் பத்து நிமிடத்துக்கு மேல் போய்விட்டது.

அன்று பின்னேரம் நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கதைத்தாள். வீட்டில் சிக்னல் இல்லாததால் இறங்குதுறைப் பக்கம் வந்து நின்று, படங்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கடைசிப் படத்தில் எல்லாம் போய்விட்டது. "நான் ஏதும் பிழையாக அமத்திப்போட்டேனோ, மிஸ்?" என்று கேட்டாள். பிழை என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். மேலதிகாரியிடமும் சொன்னேன். முடிவு நேரத்தை அடுத்த நாள் நண்பகல் வரை நீட்டினார்கள். அவளுடைய விண்ணப்பமும் வந்து சேர்ந்தது. ஆனால் அந்தக் கேள்வி இன்றும் எனக்கு மறக்கவில்லை. சேவையகத்துக்கு முன்னால் இருப்பவர் செய்யும் பிழைக்கு, கரையில் நிற்கும் பிள்ளை தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறாள்.

இரண்டாவது வழி: மீளவாசிப்பு

சேவையை நிறுத்தாமல், "உன் கோப்பை மறுபடி வாசி" என்று சொல்வது இரண்டாவது வழி. இதற்கு வழக்கமாக அனுப்புவது 1ஆம் எண் சமிக்ஞை. அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

யுனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. அது ஒரு தொலைபேசிக் கம்பனியின் ஆய்வுகூடம். அக்காலத்தில் தொலைபேசி இணைப்பு வழியாகவும் கணினியுடன் தொடர்புகொள்வார்கள். இணைப்பு அறுந்தால், அந்த இணைப்பில் ஓடிய நிரல்களுக்கு "மறுமுனையில் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்" என்று அறிவிக்க ஒரு சமிக்ஞை வேண்டியிருந்தது. 'சிக்ஹப்' என்ற அதன் பெயருக்கும் தொலைபேசியை வைத்துவிடுதல் என்றே பொருள். ஆனால் பின்னணிச் சேவைக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை, அறுந்துபோக இணைப்பும் இல்லை. ஆகவே அந்தச் சமிக்ஞை அதற்கு வேண்டாத பொருளாகக் கிடந்தது. சும்மா கிடப்பதை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று, "கோப்பை மறுபடி வாசி" என்ற புதுப் பொருளைக் கொடுத்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இது வழக்கம்தான், சட்டம் அல்ல. சமிக்ஞையைக் கேட்டு என்ன செய்வது என்று நிரலை எழுதியவர் எழுதியிருக்க வேண்டும். எழுதாத நிரலுக்கு இதை அனுப்பினால் பழைய பொருளே நடக்கும். இணைப்புப் போய்விட்டது என்று அந்த நிரல் முடிந்துவிடும். மீளவாசிப்பு என்று நினைத்து அனுப்பியது கொலையாக முடியும். ஆகவே ஒரு சேவைக்கு மீளவாசிப்புத் தெரியுமா என்பதை அதன் கையேட்டில் பார்த்த பிறகே கட்டளை கொடுக்க வேண்டும்.

இறங்குதுறையிலிருந்து ஒரு விளக்கம்

நல்ல மீளவாசிப்பு எப்படி நடக்கும் என்பதைக் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நின்று விளக்கலாம். அங்கிருந்து நயினாதீவுக்குச் சிறிது நேரப் பயணம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலமளவில் செல்லும். ஒரு படகு கடலில் இருக்கும்போது பயண விதி மாறுகிறது என்று வையுங்கள். நடுக்கடலில் இருக்கும் படகை யாராவது திருப்பி அழைப்பார்களா? மாட்டார்கள். அதில் ஏறியவர்கள் பழைய விதிப்படியே கரை சேர்வார்கள். துறையில் அடுத்து நிற்கும் படகு புதிய விதிப்படி ஆட்களை ஏற்றும். பழைய படகு ஆட்களை இறக்கிய பிறகு ஓய்வெடுக்கும். பயணிகள் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

'என்ஜின்எக்ஸ்' என்ற வலைச் சேவையகம் இதையே செய்கிறது. இகோர் சிசோயெவ் என்ற ரஷ்யப் பொறியியலாளர் எழுதி 2004இல் வெளியிட்ட இந்த நிரல் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் ஒரு தலைமை நிரலும் அதன் கீழே பல பணியாள் நிரல்களும் உண்டு. வருபவர்களைக் கவனிப்பவை பணியாள் நிரல்கள். தலைமை நிரல் விதியைப் பார்த்துக்கொள்ளும். மீளவாசிப்புச் சமிக்ஞை வந்ததும் வேலை இந்த ஒழுங்கில் நடக்கும்:

முதலில், தலைமை நிரல் புதிய கோப்பை வாசித்துச் சரி பார்க்கும்.
பிழை இருந்தால், பதிவேட்டில் அதை எழுதிவிட்டு, பழைய விதியிலேயே தொடர்ந்து ஓடும்.
பிழை இல்லாவிட்டால், புதிய விதியுடன் புதிய பணியாள் நிரல்களைத் தொடக்கும்.
பிறகு பழைய பணியாள் நிரல்களிடம், "புதிதாக யாரையும் ஏற்காதே, கையில் இருப்பவர்களை முடித்துவிட்டுப் போ" என்று சொல்லும்.

இரண்டாவது வரியை மறுபடி வாசியுங்கள். என் அரைப்புள்ளிப் பிழை மீளவாசிப்பில் நடந்திருந்தால், சேவை ஒரு கணமும் நின்றிருக்காது. புதிய வரம்பு வந்திருக்காது, அவ்வளவுதான். நெடுந்தீவுப் பிள்ளையின் கடைசிப் படமும் ஏறியிருக்கும்.

மீளவாசிப்பு போதாத இடங்கள்

அப்படியானால் எப்போதும் மீளவாசிப்பே போதுமே என்று கேட்பீர்கள். போதாது. மீளவாசிப்பு விதியை மாற்றும், நிரலை மாற்றாது. பாதுகாப்புக் குறைபாட்டைத் திருத்திய புதிய பதிப்பை நிறுவினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவை நினைவகத்தில் உள்ள பழைய நிரலையே ஓட்டிக்கொண்டிருக்கும். குறைபாடும் அங்கேயே இருக்கும். அதற்கு மீளத்தொடக்கம் வேண்டும். கைப்பேசியில் புதுப்பித்தல் முடிந்ததும் "மீளத்தொடக்குங்கள்" என்று கேட்பதும் இதனால்தான்.

சில விதிகளும் தொடக்கத்தில் மட்டுமே ஏற்கப்படுபவை. 'போஸ்ட்கிரெஸ்' என்ற தரவுத்தளத்தில் பதிவேட்டு விதிகள் போன்றவற்றை மீளவாசிப்பால் மாற்றலாம். ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளை ஏற்பது என்பதை மாற்ற மீளத்தொடக்கமே வழி. இணைப்புகளுக்கு வேண்டிய இடத்தை அது தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஒதுக்கிவிடுகிறது. திருமண வீட்டில் பந்தலைப் போட்ட பிறகு விருந்தின் பதார்த்தத்தை மாற்றலாம். பந்தலின் அளவை மாற்றுவதானால் விருந்தினரை எழுப்ப வேண்டும். மீளத்தொடக்கத்துக்காகக் காத்திருக்கும் விதிகள் எவை என்று கேட்டால் அந்தத் தரவுத்தளமே பட்டியலிட்டுச் சொல்லும்.

பரீட்சையில் மாணவிகள் குழம்பும் இன்னோர் இடமும் உண்டு. சிஸ்டம்டியில் இரண்டு மீளவாசிப்புகள் இருக்கின்றன. ஒன்று, சேவையிடம் அதன் சொந்தக் கோப்பை வாசிக்கச் சொல்வது. மற்றது, சிஸ்டம்டியிடமே அதன் குறிப்பேட்டை வாசிக்கச் சொல்வது. சேவையை எப்படித் தொடக்குவது, விழுந்தால் என்ன செய்வது என்பவை இந்தக் குறிப்பேட்டில் இருக்கும். வகுப்பாசிரியையிடம் உள்ள இடாப்பைத் திருத்துவதும், மாணவியின் கொப்பியைத் திருத்துவதும் ஒன்றல்ல அல்லவா? முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவது நடந்துவிட்டது என்று நம்பியிருந்தவர்கள் பலர்.

தானே எழும் சேவை

நள்ளிரவில் சேவை விழுந்தால் யார் எழுப்புவது? மேற்பார்வை செய்யும் நிரலிடம், "பிழையுடன் விழுந்தால் மறுபடி தொடக்கு" என்று எழுதி வைக்கலாம். ஆனால் இதற்கும் எல்லை வேண்டும். அமைவுக்கோப்பிலேயே பிழை இருந்தால் சேவை எழுந்து விழும், எழுந்து விழும், முடிவே இராது. ஆகவே சிஸ்டம்டி 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடக்க முற்பட்டால், வேறு கட்டளை இல்லாதபோது, முயற்சியைக் கைவிட்டு "தோல்வி" என்று குறித்துவிடும். அதன் பிறகு மனிதர் வந்து பார்க்க வேண்டும்.

விழாமலே உறைந்து நிற்கும் சேவைக்கும் மருந்து உண்டு. குறித்த இடைவெளியில் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று அது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் மேற்பார்வை நிரல் அதை நிறுத்தி மீளத்தொடக்கும். காவல் கடிகை என்று இதைச் சொல்லலாம்.

இது நம் தீவுகளுக்குத் தூரத்து விடயம் அல்ல. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்புடன் இணையாத தீவுகள். அங்கே கலப்பு மின்திட்டம் அமைப்பதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச் 1ஆம் திகதி கொழும்பில் கையெழுத்தானது. இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் அமையும் திட்டம் அது. 530 கிலோவாற்று காற்று மின்சாரம், 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரம், 2,400 கிலோவாற்று மணி அளவான மின்கலத் தொகுதி, துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல் என்பன அதன் அளவுகள்.

காற்று எப்போது வீசும், முகில் எப்போது மறைக்கும் என்று யாரும் மணிக்கூடு பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இப்படியான கலப்பு நிலையங்களில் எந்த மூலத்திலிருந்து எவ்வளவு எடுப்பது, மின்கலம் எவ்வளவு குறைந்தால் டீசல் இயந்திரத்தைத் தொடக்குவது என்று ஓயாமல் தீர்மானிப்பது ஒரு கட்டுப்பாட்டு நிரலின் வேலை. அதுவும் ஒரு பின்னணிச் சேவையே. அந்த வரம்பு எண்ணை மாற்ற வேண்டி வந்தால் நிரலை நிறுத்துவதா, ஓடும்போதே சொல்வதா? நிறுத்தினால் அந்த இடைவெளியில் தீவின் விளக்குகளை யார் பார்ப்பது? நாம் வகுப்பறையில் படிக்கும் கேள்வி அங்கே ஒரு வைத்தியசாலையின் குளிர்சாதனப் பெட்டிக்கு நேரானது.

ஐந்து பழக்கங்கள்

அந்த நாளுக்குப் பிறகு நான் கைவிடாத ஐந்து பழக்கங்களை உங்களுக்கும் தருகிறேன்.

1. திருத்துமுன் அமைவுக்கோப்பின் பிரதி ஒன்றை, திகதியைப் பெயரில் சேர்த்து, எடுத்து வையுங்கள். திரும்பிப் போக வழி இருந்தால் கை நடுங்காது.

2. திருத்திய பின் சோதியுங்கள். நல்ல சேவைகளில் கோப்பை மட்டும் சரிபார்த்துச் சொல்லும் வசதி இருக்கும். என்ஜின்எக்ஸ், எஸ்எஸ்எச்டி இரண்டிலும் சேவையின் பெயருக்குப் பின் ஒரு சிறு கோடும் 'டி' ஒலி தரும் ஆங்கில எழுத்தும் தட்டினால் போதும். சேவை அசையாது, பிழை இருந்தால் எந்த வரியில் என்று சொல்லும்.

3. மீளவாசிப்புப் போதுமானால் மீளத்தொடக்காதீர்கள். மீளத்தொடக்கமே வேண்டுமானால், ஆட்கள் குறைந்த நேரத்தைத் தெரிந்து, முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

4. செய்த பிறகு பதிவேட்டை வாசியுங்கள். பிழையான கோப்பை ஏற்க மறுத்துப் பழைய விதியில் ஓடும் சேவை வெளியில் நலமாகவே தோன்றும். "பிழைச் செய்தி திரையில் வரவில்லை" என்பது "மாற்றம் நடந்தது" என்பதற்குச் சாட்சி அல்ல. புதிய விதி வேலை செய்கிறதா என்று நீங்களே ஒரு பயனாளியாக நின்று பாருங்கள்.

5. தூரத்திலிருந்து உள்ளே நுழையும் வாசலின் விதியை மாற்றுகிறீர்கள் என்றால், நுழைந்திருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, வேறொரு புதிய இணைப்பால் நுழைந்து பாருங்கள். அது திறந்தால்தான் பழையதை மூடலாம். திறப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவர் தீவில் இருந்தாலென்ன, கொழும்பில் இருந்தாலென்ன, வெளியில்தான் நிற்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

"இதையெல்லாம் பெண்பிள்ளை ஏன் படிக்க வேண்டும்?" என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். வங்கி, வைத்தியசாலை, பரீட்சைப் பெறுபேறு, மின்சாரம் என எல்லாவற்றுக்கும் பின்னால் இன்று இந்தச் சேவைகள் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பொறுமையும் கவனமும் உள்ள ஆட்கள் தேவை. இந்த வேலையின் பெரும்பகுதியை ஓர் இணைய இணைப்பும் ஒரு கணினியும் இருந்தால் நயினாதீவிலிருந்தும் வேலணையிலிருந்தும் செய்யலாம். தொடக்கப் பயிற்சிக்குப் பணமும் வேண்டியதில்லை. லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய கணினியே போதும். பிள்ளை அதில் சேவையை நிறுத்தட்டும், கோப்பைக் கெடுக்கட்டும், மறுபடி திருத்தட்டும். வீட்டுக் கணினியில் செய்யும் பிழையால் யாருடைய விண்ணப்பமும் தவறிப்போகாது. அங்கே பத்து முறை விழுந்தவளுக்குத்தான் வேலையிடத்தில் ஒருமுறை நின்று யோசிக்கத் தெரியும்.

பயிற்சி

மாணவிகளே, முடிக்குமுன் மூன்று கேள்விகள். விடைகளை எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.

1. அமைவுக்கோப்பைச் சரியாகத் திருத்திச் சேமித்தும் சேவை பழையபடியே நடக்கிறது. இதற்கு மூன்று காரணங்கள் கூறுக.
2. புதிய கோப்பில் பிழை இருக்கும்போது மீளத்தொடக்கத்திலும் மீளவாசிப்பிலும் என்ன நடக்கும்? என்ஜின்எக்ஸை உதாரணமாகக் கொண்டு ஒப்பிடுக.
3. உங்கள் வீட்டிலோ ஊரிலோ, விதி மாறிய பிறகும் பழைய விதிப்படியே நடந்துகொண்டிருக்கும் ஒன்றைக் கண்டறிக. அதற்குச் செய்தியைச் சொல்ல எந்த வழி நல்லது: நிறுத்திவிட்டா, நிறுத்தாமலா?

எங்கள் உள்ளறை மணிக்கூட்டுக்கு ராத்தா அன்று காலையே செய்தி சொல்லிவிட்டார். பின்பக்கத்துச் சாவியை அரைமணி பின்னே திருப்பினார். மணிக்கூடு நிற்கவில்லை, டிக் டிக் சத்தமும் விடவில்லை. முள் மட்டும் தன் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.